என்ற பொண்ணுக்கும் வரும்

கழுத்தை ரொம்பத் திருப்பாதீங்க தம்பி. ட்யூப் வச்ச பக்கம் திருப்புனா இந்த மெசினு கத்தும். மெசினு கத்துனா அந்த சிஸ்டர் வந்து அதுக்கு மேல கத்தும். நேராப் படுத்துக்கிட்டே கேளுங்க, போதும். நாலு மணி நேரம் ஓடணுமில்லீங்க. டயாலிசிஸ்ல மொத நாளு யாருக்கும் தூக்கம் வராது. நான் பேசிக்கிட்டு இருக்கேன். புடிக்கலைன்னா கண்ணை மூடிக்கங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா பேச்சை நிறுத்தவும் மாட்டேன், அதைச் சொல்லிப் போடறேன்.

பேரு சென்னியப்பனுங்க. பெருந்துறை ரோட்டுல மோட்டார் காயில் கட்டற பட்டறை வச்சிருந்தேன். ஒன்றரை வருசமா செவ்வாய், வியாழன், சனின்னு இந்தக் கட்டில் தான் பட்டறை. உங்களுக்கு சக்கரையால வந்ததுன்னு சிஸ்டர் சொல்லுச்சு. எனக்கு அப்பிடி இல்லீங்க. எனக்கு வம்சத்துல வந்தது. எங்கப்பாவுக்கு இருந்துச்சு, எங்கண்ணனுக்கு இருந்துச்சு. கிட்னி பூராவும் நீர்க்கட்டி. ரெண்டு பேரும் அம்பது தாண்டல. நான் அம்பத்தெட்டு வரைக்கும் வந்துட்டேன், ஏதோ.

ஒரே பொண்ணுங்க எனக்கு. மேகலா. சேலத்துல பேங்குல வேலை. முப்பது ஆகப்போவுது. அவ எங்கிட்டப் பேசி அஞ்சு மாசமாச்சு. கடைசியாப் பேசுனது கோயமுத்தூர்ல ஒரு கவுன்சிலிங் ரூமுல. எல்லாம் அந்தம்மா பண்ணுன வேலை. ஃப்ளோரா மேடம்னு பேரு. உண்மையச் சொல்லுங்க சார், உண்மையச் சொல்லுங்க சார்னு ஆறு தடவை கூப்புட்டு உக்கார வச்சாங்க. ஆறாவது தடவை சொன்னேன். என்ற பொண்ணு எந்திரிச்சுப் போயிட்டா. இதுக்குப் பேரு வைத்தியமுங்களா? நீங்களே சொல்லுங்க.

சரி, முன்னப் பின்னத் தெரியாத உங்ககிட்டச் சொல்றதுல என்ன இருக்குது. சொந்தத்துல ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சா அது வேற கதை.

கல்யாணமாகி ஆறு வருசம் எங்களுக்குக் குழந்தை இல்லீங்க. ஊரு பூரா என்ற சம்சாரத்தைத்தான் பேசுச்சு. ருக்மணி பாவம், ஒரு வளைகாப்புக்குப் போக மாட்டா. கடைசியில கோயமுத்தூர்ல ஒரு டாக்டரம்மாகிட்டப் போனோம். டெஸ்ட் எடுத்துப் பாத்தா கோளாறு அவகிட்ட இல்ல, எங்கிட்ட. உயிரணு சுத்தமா இல்லைன்னுட்டாங்க. கொஞ்சமா இருக்குதுங்களான்னு கேட்டேன். இல்லைன்னா இல்லதானுங்க சென்னியப்பன்னாங்க அந்தம்மா.

அப்பத்தான் சொன்னாங்க. வேற ஒருத்தருது வச்சுப் பண்ணலாம். காலேஜுப் பசங்க குடுப்பாங்க, யாருன்னு உங்களுக்கும் தெரியாது, அவங்களுக்கும் உங்களைத் தெரியாது. உங்க ப்ளட் குரூப்பு என்ன? ஓ பாசிட்டிவுங்கன்னேன். ஓ பாசிட்டிவே போட்டுர்றேன். உங்க நெறத்துக்கே பாத்துப் போட்டுர்றேன். ரத்தத்தை எடுத்துப் பாத்தாக்கூட ஒருத்தரும் கண்டுபுடிக்க முடியாது. வீட்டுக்குப் போனதும் இதை மறந்துருங்க, அப்படின்னாங்க. நான் அந்த வார்த்தையக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன் தம்பி. கண்டுபுடிக்க முடியாது. மறந்துருங்க. நானும் மறந்துட்டேன். சத்தியமாச் சொல்றேன், ஒரு நாளும் நான் வித்தியாசம் பாத்ததில்ல. மேகலா நடக்கறப்ப எல்லாம் பாப்பேன், என்ற மாதிரி நடக்கறாளான்னு. சாப்புடறப்ப பாப்பேன். தூங்கறப்ப காது மடலைப் பாப்பேன், எங்கம்மா காது மாதிரி இருக்குதான்னு. வித்தியாசம் பாத்ததே இல்ல.

சிஸ்டர், இவருக்குக் குளுருது போல, ஒரு போர்வை குடுங்க. பரவால்ல தம்பி, மொத நாளு ஆகும்.

அவளுக்குப் பதினெட்டு வயசு இருக்கறப்ப எனக்கு இது இருக்குதுன்னு கண்டுபுடிச்சாங்க. இங்க ஈரோட்டுல பெரிய டாக்டரு தான். எங்க மூணு பேரையும் உக்கார வச்சுச் சொல்றாரு: இது வம்சாவளியா வர்ற நோய், புள்ளைங்களுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்குது. இப்ப ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னாலும் முப்பது வயசு வரைக்கும் உறுதியாச் சொல்ல முடியாது. பொண்ணுக்கு வருசம் ஒரு ஸ்கேன் எடுத்துருங்க.

ருக்மணி என்னைப் பாத்தா. நான் செவுத்துல இருந்த காலண்டரைப் பாத்தேன்.

வெளிய வந்ததும், ஏனுங்க, இன்னிக்கே சொல்லிப் போடலாமுங்க, அவளுக்கு எதுக்குங்க இந்தப் பயம்னா. நான் சொன்னேன், ப்ளஸ் டூ பரீட்சை முடியட்டும். பரீட்சை முடிஞ்சுது. காலேஜுல சேரட்டும்னேன். சேந்தா. வேலை கெடைக்கட்டும்னேன். எல்லாத்துக்கும் ஒரு நேரங்காலம் பாக்கணுமில்லீங்க. ஒரு புள்ளைகிட்டத் திடீர்னு போயி நான் உன்ற அப்பன் இல்லைன்னா அது தாங்குமா? அவளுக்காகத்தான் நான் வாயைத் தொறக்கல.

வருசா வருசம் அவ பொறந்த மாசத்துல ஸ்கேன். நான் தான் கூட்டிக்கிட்டுப் போவேன். சேலத்துல வேலைக்குப் போன பொறகும் அதுக்குன்னு லீவு போட்டு இங்க வந்துருவா. என்கூடத்தான் போகணும்பா. பாட்டில் பாட்டிலாத் தண்ணியக் குடிச்சுப் போட்டு பெஞ்சுல என்ற பக்கத்துல உக்காந்திருப்பா. கை சில்லுன்னு இருக்கும். என்ற கையப் புடிச்சுக்குவா. அப்பா, இந்த வருசம் இருக்குமாப்பாம்பா. இருக்காது கண்ணும்பேன். உள்ள போயிட்டு வந்து, இல்லையாம்ப்பான்னு சொல்லி அழுவா. அப்பறம் ரெண்டு பேரும் போயி மசால் தோசை சாப்புடுவோம். வருசத்துல எனக்குப் புடிச்ச நாளே அதுதானுங்க தம்பி. தீவாளி எல்லாம் அதுக்கப்பறம் தான்.

தினகரன்னு ஒரு பையன். அவ பேங்குலயே வேலை. நல்ல பையன், வீட்டுக்கே வந்திருக்கான். அவங்க அப்பா அம்மா பேசி முடிக்க வர்றோம்னு சொல்லியாச்சு. இவ அவன்கிட்ட எல்லாத்தையும் சொல்லியிருக்கா. எனக்கு இது வரலாம், எனக்குப் பொறக்கறதுக்கும் வரலாம்னு. அவன் பரவால்லைன்னுதான் சொல்லியிருக்கான். இவ தான் வேண்டாம்னுட்டா. ரெண்டு வருசம் காத்திருந்தான் அந்தப் பையன். அப்பறம் திருச்சிப் பக்கம் ஒரு பொண்ணைக் கட்டிக்கிட்டான்.

வேண்டாம்னு சொல்லிட்டு அன்னிக்கு நேரா வீட்டுக்கு வந்தா. வந்து என்ற மடியில தலைய வச்சுப் படுத்துக்கிட்டா. சின்னக் குழந்தையில படுத்தது. அழுதுக்கிட்டே சொன்னா, போதும்ப்பா, நம்ம நோய் நம்மளோட போகட்டும்.

நம்ம நோய்னா தம்பி. உங்க நோய்னு சொல்லல. நம்ம நோய்.

ருக்மணி சமையல்கட்டு வாசல்ல நின்னுக்கிட்டு என்னையே பாக்கறா. சொல்லுங்க, இப்பவாச்சும் சொல்லுங்கன்னு கண்ணுலயே கேக்கறா. நான் புள்ள தலையத் தடவிக்கிட்டே உக்காந்திருந்தேன். ருக்மணி ஏன் அவளே சொல்லலைன்னு கேப்பீங்க. கல்யாணமான புதுசுல இருந்து நான் கிழிச்ச கோட்டை அவ தாண்டமாட்டா. அப்பறம் தாண்டுனா, அதையும் சொல்றேன்.

போன வருசம் எனக்கு இந்த டயாலிசிஸ் ஆரம்பிச்சுது. இவ வந்து பாத்துட்டு, நான் ஒரு கிட்னி குடுக்கறேன்னு நிக்கறா. மொதல்ல உனக்கே இருக்கான்னு பாக்கணும்மான்னாங்க. ஏதோ மரபணு டெஸ்டாம். எடுத்தாங்க. அவளுக்கு அந்தக் கோளாறே இல்லைன்னு வந்துருச்சு. என்னா சந்தோசம் அவளுக்கு! போன்ல கத்தறா. அப்பா, எனக்கு இல்லைப்பா, நான் தப்பிச்சுட்டேன்ப்பா, உங்களுக்கு ஒண்ணு குடுத்துட்டு நல்லாவே இருப்பேன்ப்பா! எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. அவளுக்கு இல்லைன்னு எனக்குத் தெரியாதா? இருந்தாலும் அவ வாயால கேட்டப்ப வெறுங்கையோட நிக்கற மாதிரி இருந்துச்சு.

அடுத்தது பொருத்தம் பாக்கற டெஸ்டு. ருக்மணி கும்புட்டாளுங்க, போக விடாதீங்கன்னு. நான் சொன்னேன், அடி பைத்தியக்காரி, அவளும் ஓ பாசிட்டிவு, நானும் ஓ பாசிட்டிவு, டாக்டரம்மா பாத்துத்தானே போட்டாங்க. பொருந்தாம எங்க போகும்? எனக்கு ரத்தம்னா குரூப்புதானுங்க தெரியும். குரூப்பு ஒண்ணா இருந்தா ஆச்சுன்னு நெனச்சேன். மோட்டாருக்குப் பாருங்க, ஹெச்பி ஒண்ணா இருந்தா எந்தக் கம்பெனி காயிலும் ஓடும்.

டாக்டரு எங்களைக் கூப்புட்டாரு. கதவைச் சாத்தச் சொன்னாரு. அப்பா பொண்ணுன்னா பாதி கட்டாயம் ஒத்துப் போகணும், இங்க அப்பிடி ஒத்துப் போகல, லேப்ல மாறிப்போச்சான்னு ரெண்டாந்தடவையும் பாத்தாச்சுன்னாரு. மேகலா என்னைப் பாத்தா. அப்பறம் அவங்கம்மாவைப் பாத்தா. அந்தப் பார்வை இருக்குது பாருங்க, அம்மாவை என்னமோ ஏதோன்னு சந்தேகப்பட்டு ஒரு பார்வை. அப்பத்தான் ருக்மணி வாயைத் தொறந்தா. எல்லாத்தையும் கொட்டிட்டா, டாக்டரு முன்னாலயே. எனக்குக் கோவம் ருக்மணி மேல. இன்னும் ஒரு நிமிசம் பொறுத்திருந்தா நான் ஏதாச்சும் சமாளிச்சிருப்பேன்.

மேகலா அழுகல. ஒண்ணே ஒண்ணு கேட்டா. அப்ப ஸ்கேன் எதுக்குப்பா எடுத்தீங்க?

அந்த டாக்டரு தான் ஃப்ளோரா மேடத்துகிட்ட அனுப்பிச்சாரு. இப்படிப் பொறந்த புள்ளைங்க, பெத்தவங்க, அவங்களுக்குன்னே அந்தம்மா பாக்கறாங்களாம். நான் வரமாட்டேன்னேன். மேகலா தான் ஆறு தடவை வாங்க, அதுக்கப்பறம் நான் முடிவு பண்றேன்னா. என்ன முடிவு? நான் அவளுக்கு அப்பனா இல்லையான்னு முடிவாம். எனக்கு அவளை விட்டா யாருங்க இருக்குது? போனேன்.

மொத நாள் கையில ஒரு கூழாங்கல்லைக் குடுத்தாங்க. கல்லு யாரு கையில இருக்குதோ அவங்கதான் பேசணுமாம், மத்தவங்க கேக்கணுமாம். நானும் எத்தனையோ பஞ்சாயத்துப் பாத்திருக்கறேன், கல்லைக் குடுத்துப் பேசச் சொன்ன பஞ்சாயத்து இதுதான். நான் கல்லை வாங்கி முக்கா மணி நேரம் பேசுனேன். அவளை எப்படி வளத்தேன், சைக்கிள் வாங்குனது, டைபாய்டு வந்தப்ப ராத்திரி பகலா ஆஸ்பத்திரியில கெடந்தது, எல்லாம் பேசுனேன். மேகலா கைக்குக் கல்லு போறப்ப நேரம் முடிஞ்சுபோச்சு.

ரெண்டாந்தடவை ஒரு சார்ட்டு பேப்பர்ல குடும்பத்தை வரையச் சொன்னாங்க. ஆம்பளைன்னா கட்டம், பொம்பளைன்னா வட்டம். இவ அவளைப் போட்டா, அம்மாவைப் போட்டா, என்னையும் போட்டா. எனக்குப் பக்கத்துல இன்னொரு கட்டம், புள்ளி புள்ளியா. கோடு ரெண்டு பக்கமும் இழுத்திருக்கா. என்ன கண்ணு இது, கோலமான்னு கேட்டேன். சிரிப்பான்னு நெனச்சேன். எப்பவும் சிரிப்பா என்ற பேச்சுக்கு. சிரிக்கல. நான் பென்சிலை எடுத்து அந்தப் புள்ளிக் கட்டத்து மேல அடிச்சுப் போட்டேன். ஃப்ளோரா மேடம் புதுப் பேப்பர் எடுத்துக் குடுத்தாங்க. அவ திரும்பவும் அதையே வரைஞ்சா.

மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல அவ அந்தப் பழைய டாக்டரம்மா ஆஸ்பத்திரியத் தேடிப் போயிருக்கா. அந்தம்மா போயிச் சேந்து பத்து வருசமாச்சு. அந்த எடத்துல இப்ப சோபா செட்டுக் கடை. காயிதம் ஒண்ணுமில்ல. எங்கிட்ட வந்து கேட்டா, அந்த ஆளைப் பத்தி என்ன தெரியும் உங்களுக்கு? ஓ பாசிட்டிவு, மாநெறம்னேன். அப்பறம்? அவ்வளவு தான் கண்ணு. அந்த ஆளுக்கு நெஞ்சு நோய் இருந்துச்சா, பைத்தியம் இருந்துச்சா, அந்த ஆளு இருக்காரா இல்லையா? எழுதி வைக்கலை கண்ணுன்னேன். அப்பச் சொன்னா, இத்தனை வருசம் ஒரு பயம் இருந்துச்சு, அதுக்கு ஒரு பேராச்சும் இருந்துச்சு, இப்ப எதுக்குப் பயப்படறதுன்னுகூடத் தெரியலைன்னு. ருக்மணி ஒரே அழுகை. நான் சொன்னேன், அதான் இந்த நோய் வராதுன்னு ஆயிருச்சே, நல்லதுதானேன்னு. நல்லதைத்தானே சொன்னேன்?

ஆறாவது தடவைக்கு அந்த ஸ்கேன் எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்கன்னு போன் பண்ணுனா. எனக்குப் பாருங்க, மனசு குளுந்துபோச்சு. நான் ஒண்ணு விடாம வச்சிருந்தேன். பதினோரு வருசத்துது, வருசவாரியா, பீரோவுல, பட்டுச் சேலைக்கு அடியில. ஒரு பூச்சி அரிச்சதில்ல. அப்பன் எப்பிடிப் பாத்து வச்சிருக்கறான்னு புரிஞ்சுக்குவான்னு பெருமையா எடுத்துட்டுப் போனேன்.

அவ படத்தைப் பாக்கவேயில்ல. அதோட வச்சிருந்த பாரத்தை ஒண்ணொண்ணா உருவி மேசை மேல பரப்புனா. ஸ்கேனுக்கு முன்னால நெரப்பிக் குடுக்கற பாரம். பேரு, வயசு. குடும்பத்துல யாருக்கு இந்த நோய் இருக்குது? அந்த எடத்துல அப்பாவுக்கு, அப்பாவுக்கு, அப்பாவுக்குன்னு பதினோரு தடவை. எல்லாம் என்ற கையெழுத்து. அவ தண்ணி குடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பா, நான் தான் நெரப்புவேன். எனக்கு எழுத்து அழகா வரும்.

கல்லு அவ கையில இருந்துச்சு. மெதுவாத்தான் கேட்டா. தினகரனை வேண்டாம்னுட்டு வந்து உங்க மடியில படுத்து அழுதேனே. என்ற தலையத் தடவுனீங்களே. அப்ப மனசுக்குள்ள என்னப்பா நெனச்சீங்க? கேட்டுட்டுக் கல்லை என்ற கையில வச்சா.

அப்பான்னு கூப்புட்டா பாருங்க. ஆறு தடவையில அன்னிக்குத்தான் கூப்புட்டா. எனக்கு உருகிப் போச்சு. அந்தம்மாவும், உங்களுக்குத் தோணுனதை அப்படியே சொல்லுங்க சார்னாங்க. சரி, இனி எதுக்கு மறைக்கணும்னு சொன்னேன். சந்தோசமா இருந்துச்சு கண்ணுன்னு சொன்னேன்.

என்ன தம்பி அப்பிடிப் பாக்கறீங்க? முழுசாக் கேளுங்க. அவ அழுததுல சந்தோசம்னு சொல்லலீங்க. நம்ம நோய்னு சொன்னா பாருங்க, அதுல. அவ பொறந்ததுல இருந்து காதைப் பாத்து, நடையப் பாத்து, ஒண்ணுலயும் நான் இல்ல. அன்னிக்கு அவ உடம்புக்குள்ள என்னுது ஒண்ணு இருக்குதுன்னு அவளே நம்பறா. இருக்குதுன்னு நம்பி, அதுக்காக ஒரு கல்யாணத்தையே விடறா. எனக்கே அது நெசம் மாதிரி ஆயிருச்சு தம்பி. இதைத்தான் அவகிட்டயும் சொன்னேன். அன்னிக்குத்தான் நீ முழுசா என்ற பொண்ணு ஆனே கண்ணுன்னு சொன்னேன். ஒரு அப்பன் இதுக்கு மேல எப்பிடிச் சொல்லுவான்?

அவ பாரத்தை எல்லாம் அடுக்கி, ஓரம் தட்டி, என்ற பக்கம் தள்ளி வச்சா. பையை எடுத்து மாட்டிக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. கதவைக்கூடச் சத்தமில்லாமத்தான் சாத்துனா. ருக்மணியும் பின்னாலயே போனா. ஒரு வாரம் புள்ளகூட இருந்துட்டு வர்றேன்னு சேலத்துல இருந்து போன் பண்ணுனா. அஞ்சு மாசமாச்சு, இன்னும் அந்த ஒரு வாரம் முடியல. நான் ஷேர் ஆட்டோவுல வந்து போறேன்.

கல்லு என்ற கையிலயே இருந்துச்சு. சொல்லச் சொன்னீங்க, சொன்னேன், இப்ப என்னங்க மேடம் பண்றதுன்னு கேட்டேன். அந்தம்மா என்ன சொன்னாங்கங்கறீங்க? இன்னிக்கு நேரம் முடிஞ்சுது சார்னாங்க. நீங்களே வேணும்னா தனியா வாங்கன்னாங்க. எனக்கு என்னங்க கோளாறு, நான் எதுக்குத் தனியாப் போறேன்?

மாமியா வீட்டுல இருந்து ஒருத்தர் போன வாரம் கேட்டாங்க, பொண்ணு ஏன் கிட்னி குடுக்கலைன்னு. பொருந்தலைன்னு சொல்லிட்டேன்.

இருங்க, டாக்டரு வர்றாரு. இவரு புதுசு, இந்த வாரந்தான் வந்திருக்காரு. எல்லார்த்தையும் மொதல்ல இருந்து கேட்டு எழுதறாரு. தம்பி, நான் சொன்னது நமக்குள்ள இருக்கட்டும். நீங்க குறுக்க ஒண்ணும் பேசிப் போடாதீங்க.

வணக்கமுங்க டாக்டர். நல்லா இருக்கறனுங்க. ஆமாங்க, நீர்க்கட்டி தானுங்க. அப்பாவுக்கு இருந்துச்சு, அண்ணனுக்கு இருந்துச்சு. இல்லீங்க, ரெண்டு பேரும் இப்ப உசுரோட இல்ல.

புள்ளைங்களா? ஒரு பொண்ணுங்க. இருபத்தொம்பது. பாத்தோமுங்க, வருசா வருசம் ஸ்கேன் எடுக்கறோமுங்க. இது வரைக்கும் ஒண்ணும் தெரியலீங்க. ஆனா வரும்ங்க. பாதிக்குப் பாதின்னுதானுங்களே சொன்னாங்க. என்ற பொண்ணுக்கும் வரும்ங்க. எழுதிக்கங்க.

பேருங்களா? எஸ். மேகலா. எஸ்ஸுன்னா நானுங்க.